தனுஷாவுக்கு அந்த எண்ணெய் வேண்டாம்

பெர்த், ஆஸ்திரேலியா
ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி எப்படி? தனுஷாவுக்கு இந்த வாரம் வலிப்பு வந்ததா?

நான் பார்த்துக்கொள்ளும் பையனுக்கும் அதே வலிப்புதான். டாக்டர் எழுதிக் கொடுத்த சிபிடி என்கிற கஞ்சா எண்ணெயில் இப்போது அடங்கியிருக்கிறது. போன வாரம் அவனோடு காரில் போகும்போது லைசென்ஸ் பார்க்கப் போலீஸ் நிறுத்தியது. திறந்திருந்த பையில் குப்பியைப் பார்த்துவிட்டார்கள். மலேசியாவில், அதுவும் பாடாங் செராயில் வளர்ந்தவள் இல்லையா, கஞ்சா என்றால் ஜெயில்தான் என்று "என்னுடையது இல்லை, சார்" என்று கையைத் தூக்கிவிட்டேன். போலீஸ்காரர் குப்பியில் ஒட்டியிருந்த பையனின் பெயரைப் படித்துவிட்டு, "மருந்துதானே, ஏன் பயப்படுகிறாய்?" என்று திருப்பித் தந்தார். நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ பெற்ற பிள்ளைக்கு நான் தினமும் கொடுக்கும் மருந்து, அங்கே நம் பிள்ளைக்குக் கொடுத்தால் குற்றம்.

"தாய்லாந்து பார்டர்ல வாங்கித் தரேன்லா, யாருக்குத் தெரியும்?" என்று பக்கத்து வீட்டுக் காளிதாசன் அண்ணன் கேட்டதாகச் சொன்னீர்கள். வேண்டாம். பிடிபட்டால் அங்கே அதை மருந்து என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

தனுஷா தூங்கும்போது மூச்சுவிடும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள். அவளுடைய பழைய சட்டை ஒன்றும் வேண்டும், துவைக்காமல்.

பையன் எழுந்துவிட்டான், போக வேண்டும். அந்த எண்ணெயை வாங்காதீர்கள். அவளுக்கு வலிப்பு வரும்போது பிடித்துக்கொள்ள நீங்களாவது வீட்டில் இருக்க வேண்டும்.

உங்கள்
மலர்விழி