நான் சொன்ன கொடி

13-8-1956, திங்கள். திருமயம்.

டிராயிங் வாத்தியார் காதர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் நாடகம் போடுகிறார்களாம். புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கொடி இறங்கி மூவர்ணக் கொடி ஏறுவதுதான் கடைசிக் காட்சி.

"அந்தப் பழைய கொடி எப்படிங்கய்யா இருக்கும்? நீங்க சமஸ்தானக் கச்சேரியில குமாஸ்தாவா இருந்தவுக. தெனமும் பாத்திருப்பீங்க."

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "முழுக்கச் செவப்பு. நடுவுல மஞ்ச வட்டம்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கு பஸ் ஏறிப் புதுக்கோட்டையில விசாரிக்கணும்னு இருந்தேன். நீங்களே சொன்னப்பறம் எதுக்கு? இப்பவே போயி சாயம் போட்டுர்றேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நாடகம் பார்க்கப் புதுக்கோட்டையிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். கொடியைப் பார்த்துச் சிரித்தால் அந்தச் சிரிப்பு அவருக்குத்தான், எனக்கு இல்லை.

எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். கொடிமரத்தின் அடி மட்டும்தான் நினைவில் வருகிறது. சுண்ணாம்பு அடித்த மேடை, அதன் மூலையில் ஒரு வெடிப்பு, அதில் ஊரும் எறும்பு. அந்த வெடிப்பை இப்போதும் அப்படியே வரைந்து காட்டிவிடுவேன். மேலே பறந்தது என்னவென்று தெரியவில்லை.

விடிந்ததும் காதரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். என்னவென்று சொல்வது? சர்வீஸ் முழுக்கக் குனிந்தே சலாம் வைத்தேன், ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை என்றா?