ஆறு வெள்ளைப் பைகள்

செப்டம்பர் 18, வியாழன்

நாளைக்குக் கணக்குப் பரீட்சை. என் முகம் வாடியிருப்பது அதனால்தான் என்று அம்மா நினைக்கிறாள். நினைக்கட்டும்.

இதைப் பழைய அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் சங்கரேஸ்வரி அக்கா. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவள் புரளும்போதெல்லாம் போன் வெளிச்சத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறேன்.

இன்று பரீட்சை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது முத்துலட்சுமி பேசவே இல்லை. என்னடி என்று உலுக்கிய பிறகு சொன்னாள். "எங்கப்பாவ வேலைக்கு வரவேண்டாம்னுட்டாவ."

அவள் அப்பா மாரி மாமா. எங்கள் தெருதான். வனத்துறையில் தினக்கூலிக்குக் காவல் இருக்கிறார். மேலே காட்டுக் கோயில் பக்கம் ஆராய்ச்சிக்காக ஏதோ செடியில் பை கட்டி வைத்திருந்தார்களாம். யாரோ அவிழ்த்துவிட்டார்களாம்.

"வெள்ளைத் துணிப் பையா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா கேட்டேன்."

நான்தான். அவிழ்த்தது நான்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

கணக்கு சுமார்.

ஒழுங்காக எழுதிவிடுகிறேன். எழுதினால் நெஞ்சு அடிப்பது குறையுமா என்று பார்க்கலாம்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். இரண்டு தடவை உண்டாகி மூன்றாம் மாதமே போய்விட்டது. அதற்கப்புறம் அவள் மாமியார் ராயகிரியிலிருந்து வந்து, காட்டுக் கோயில் இசக்கியம்மனுக்கு முடிச்சுப் போட வைத்தார்கள். மஞ்சள் துணியில் காசு வைத்து மரத்தில் கட்டுவது. கேட்டது கிடைத்தால் மறுபடி ஏறிப்போய் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். நாம் கட்டியதுதான் என்றில்லை, எதை அவிழ்த்தாலும் சரி. அவிழ்க்காமல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆவணிக் கடைசி வெள்ளி, கோயில் கொடைத் திருவிழா அன்று ஒருநாள்தான் மேலே விடுவார்கள். ஏழு மாத வயிற்றோடு அக்கா ஏற முடியாது. தெருவில் போனவர்களோடு என்னை அனுப்பினார்கள்.

மரத்தைச் சுற்றி அவ்வளவு கூட்டம். கை எட்டவில்லை. கோயிலுக்குப் பின்னால் சரிவில் ஆள் உயரப் புதர்கள். கிளைக்குக் கிளை வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மஞ்சள்தான் மழையில் வெளுத்திருக்கிறது என்று நினைத்தேன். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கூட்டத்தை ஒதுக்குவதற்கு என்று நினைத்துக் குனிந்து போனேன்.

முதல் முடிச்சில் காசு இல்லை. பூ இருந்தது. காசில்லாத முடிச்சை அம்மன் கணக்கில் எடுத்துக்கொள்வாளா? அடுத்ததை அவிழ்த்தேன். அதிலும் பூ. அடுத்த புதருக்குப் போனேன். இப்படி ஆறு. பந்திக்குக் கூப்பிட்டார்கள், அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன், ஆறு அவிழ்த்தேன் என்று. "ஆறு பிள்ளையாட்டி பெறப்போறா?" என்று அம்மா சிரித்தாள். அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மனுக்குக் கட்டிய ஒரு முடிச்சைக்கூட நான் அவிழ்க்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அக்காவின் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. பி.பி. கூடியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

என்னாலயா?

செப்டம்பர் 23, செவ்வாய்

கேள்வித்தாள் வாங்க முத்துலட்சுமி வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு ஸ்கூட்டர். உள்ளே செடியில் பை கட்டிய அந்த ஆராய்ச்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். ஜுஹைனா மேடம். பாட்டனி படித்தவர். திரும்பிப் போகலாம் என்றால் முத்துலட்சுமி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

மாரி மாமா சுவரோரம் நின்றுகொண்டே பேசினார். அவர் வீட்டில் அவர் நிற்கிறார். "பந்தியில எல போட்டாவ மேடம், பத்து நிமிசம் போனேன். அது என் தப்புதான். ஆனா ரேஞ்சரய்யா, துட்டு வாங்கிட்டு ஆள உள்ள விட்டன்னுல்லா சொல்லுதாரு."

"நான் அப்படி நினைக்கல அண்ணாச்சி."

அது குறிஞ்சிக்கு உறவான செடியாம். எட்டு வருஷம் இலை மட்டும். பிறகு ஒரே ஒரு தடவை பூத்து, காய்த்து, அப்படியே பட்டுப்போகும். தேனீ தொடாமல் தானாக விதை பிடிக்குமா என்று பார்க்கத்தான், மொட்டாக இருக்கும்போதே பை கட்டியிருக்கிறார்கள். இந்தத் தடவை விட்டால் இன்னும் எட்டு வருஷம்.

"எப்பத் தொறந்துச்சுன்னு தெரிஞ்சாலாவது ஏதாவது செய்யலாம்" என்றார் மேடம். "நான் அஞ்சாம் தேதி வந்தேன், அப்புறம் பதினேழு. நடுவுல கோயில் கொடை அன்னைக்கா, வேற என்னைக்காவதா? ஆறும் ஒரே நாளா? ஒண்ணும் தெரியல."

எனக்குத் தெரியும். நேரம்கூடத் தெரியும். உச்சிப் பூஜை மணி அடித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். "தண்ணி குடிக்கணும்" என்றேன்.

செப்டம்பர் 24, புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுப்படியில், அக்கா குளிக்கப் போயிருந்தபோது.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு, "யார்ட்டயும் மூச்சு விடப்படாது. உங்கக்கா பெத்து எந்திரிக்கட்டும்" என்றாள்.

"அப்பம் மாரி மாமா?"

"அவருக்கு வேற வேல கெடைக்கும். இவளுக்கு வேற வயிறு கெடைக்குமா?"

திரும்பத் துருவ ஆரம்பித்தாள். ஓடு தெரிந்த பிறகும் துருவிக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 25, வியாழன்

அம்மா சொன்னது தப்பு என்று எழுத வரவில்லை. சரி என்றும் வரவில்லை.

செப்டம்பர் 27, சனி

அக்காவின் மாமியார் ராயகிரி அத்தை போன் செய்தார்கள். "முடிச்சு நல்லபடியா அவுத்தேல்லா?" என்று என்னிடமே கேட்டார்கள். ம் என்றேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரி மாமா பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போகிறார். சாயங்காலம் பால் வாங்கப் போனபோது டீக்கடையில் பார்த்தேன். யாரோ பெஞ்சிலிருந்து, "என்ன மாரி, மேல போவ எவ்வளவு ரேட்டு? சொன்னா நாங்களும் வருவோம்லா" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். மாமா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நானும் அங்கேதானே நின்னேன். கையில பால் பாக்கெட்ட வச்சிக்கிட்டு. மரம் மாதிரி.

செப்டம்பர் 28, ஞாயிறு

போய்ச் சொல்லிவிட்டேன்.

மாமா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். தோளில் காய்ப்பு உரிந்து சிவந்திருந்தது. ஒரே மூச்சில் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீயாட்டி?" என்றார். "நா கொரங்குன்னுல்லா நெனச்சேன். ரேஞ்சரய்யாட்டயும் கொரங்குன்னுதான் சொன்னேன். கொரங்கு சுருக்க அவுக்குமான்னு கேட்டாரு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"உங்கக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

அவர் முகம் மாறிவிட்டது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்பம் பேசாம வீட்டுக்குப் போ. மூட்ட தூக்குனா ஒண்ணும் செத்துர மாட்டேன்."

போகவில்லை. மேடம் நம்பர் கேட்டேன். அவர் தரவில்லை. முத்துலட்சுமி தந்தாள். தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

போனில் மேடம் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தேதி கேட்டார். நேரம் கேட்டார். எந்தப் புதரில் எத்தனை, பூவை விரலால் தொட்டாயா, அதே விரலால் அடுத்த பூவையும் தொட்டாயா? தொட்டேன் என்றேன். அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

"ரேஞ்சர்ட்ட சொல்லணும்னா உன் பேர் வேணுமே" என்றார்.

"வடிவு."

"முழுப் பேர்மா."

"வடிவம்மாள். பத்தாம் வகுப்பு."

அக்டோபர் 1, புதன்

மேடமும் நானும் ரேஞ்சர் ஆபீஸ் போனோம். எழுதிக் கொடுத்தேன். ரேஞ்சர் இரண்டு தடவை படித்தார். "இனிமே கயிறு கட்டுன எடத்துக்குள்ள போவியா?" மாட்டேன் என்றேன். மாரி மாமாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

மாரி மாமாவை மறுபடி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். காலையில் காக்கிச் சட்டையோடு டீக்கடையில் நின்று, ஒரு டீயை ஆற அமரக் குடித்தாராம்.

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். நாளைக்கு ராயகிரி அத்தை வருகிறார்கள்.

அக்டோபர் 4, சனி

அத்தை நடையில் நின்றபடியே கேட்டார்கள். "அவுக்கலையாம்லா?"

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கதவுக்குப் பின்னால். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அவுக்கல அத்தை. அதுக்கென்ன? அடுத்த ஆவணிக்குப் பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நானே ஏறி அவுக்கேன். அம்மன் ஒரு வருசம் பொறுக்க மாட்டாளா?"

அத்தை அவளையே பார்த்தார்கள். பிறகு செருப்பைக் கழற்றினார்கள். "ஏறுவ, ஏறுவ. மூச்சு இப்பமே வாங்குது. மொதல்ல உக்காரு."

பி.பி. குறையவில்லை. திங்கட்கிழமை தென்காசி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா பயப்படவில்லை என்று எழுத முடியாது. படுத்தவள் ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் பூ எப்படிட்டி இருந்துச்சு?" என்றாள்.

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்கவில்லை.

இளநீலம், புனல் மாதிரி, தொண்டைக்குள் மெல்லிய முடி என்றேன். தண்டு உருண்டையாக இல்லை, நாலு பட்டையாக இருந்தது. கணுவுக்குக் கணு எதிரெதிராக இரண்டு இலை, ஆனால் ஒன்று பெரிது, ஒன்று பாதிகூட இல்லை. ஏதோ நோய் என்று நினைத்தேன், அந்தச் செடியே அப்படித்தானாம், மேடம் சொன்னார்.

"ஒரே கணுவுலயா?"

"ஆமா."

"பெருசு நாந்தான்" என்று சொல்லிவிட்டு, என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.