நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது

என் தங்கச்சி புஷ்பம்,

நீ போய் ஏழு மாதமாகிறது. தேயிலைத் தோட்டத்தின் ஒரே லயத்து வரிசை வீடுகளில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயுமாக இருபது வருஷம் இருந்தோம். இப்போது அந்தப் பக்கத்தில் உன் மகள் கிருபா மட்டும் இருக்கிறாள். காலையில் அவள் ஹட்டனுக்குத் துணிக்கடை வேலைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் வெளியே வருவேன். அவள் முகத்தில் விழிக்காமலிருக்க அப்படி ஒரு வழி வைத்திருந்தேன்.

உன் வீட்டுக்காரர் இறந்தபோது நான் சொன்னது நினைவிருக்கிறதா? "அழாத புஷ்பம், கடைசி நாள்ல எழும்பி வருவாரு. மறுபடி பாக்கத்தான் போறோம். அன்னைக்கு அவரு மொகத்த நேராப் பாக்குற மாதிரி நாம வாழ்ந்துக்கணும், அவ்வளவுதான்." நீ அதை அப்படியே நம்பினாய். யாரோடு சண்டை வந்தாலும் பொழுது சாயுமுன் நீயே போய்ப் பேசிவிடுவாய். "அங்க போயும் இவங்க மூஞ்சியிலதானே முழிக்கணும்" என்று சிரிப்பாய். பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்தியவள் நான். அங்கே பேசியபடி வாழ்ந்தவள் நீ.

அன்றைக்கு நடந்ததை நான் எல்லோருக்கும் வேறு விதமாகச் சொன்னேன். நீ தூரத்தில், மேல் நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாய் என்றேன். குளவி கலைந்ததும் ஆளுக்கொரு பக்கமாக ஓடினோம், நீ விழுந்ததை நான் பார்க்கவில்லை என்றேன்.

நீ எனக்கு மூன்று செடி தள்ளித்தான் நின்றாய். இரைச்சல் கேட்டுத் திரும்புவதற்குள் தண்ணீர் ஓடும் வடிகானில் கால் இடறி விழுந்தாய். சேலை நனையாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணி உனக்கு அடியில் மாட்டிக்கொண்டது. "அக்கா, ஒங்க படங்கப் போடுங்க! அக்கா!" என்றாய். என் இடுப்பில் இருந்தது நல்ல தடித்த படங்கு, இரண்டு பேரை மூடும். அவிழ்த்தேன், புஷ்பம். அவிழ்த்து என் தலையில் போட்டுக்கொண்டு கீழே ஓடினேன். நீ இன்னும் மூன்று தடவை கூப்பிட்டாய். நான் திரும்பவில்லை.

கொழுந்து லொறியில் உன்னை ஏற்றினார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே உயிர் போய்விட்டது. அடக்க ஆராதனையில் போதகர் என்னைத்தான் ஜெபிக்கச் சொன்னார். "கூடப் பொறந்தவங்க மாதிரி இருந்தாங்க, பாவம்" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வரைக்கும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் தினமும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறேன், பெயர் கொடுக்கிறேன், மலை ஏறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது, சரீரம் உயிர்த்தெழும் என்ற இடத்தில் வாய் அடைத்துக்கொள்கிறது. எனக்குச் சந்தேகம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மண்ணோடு எல்லாம் முடியுமென்றால் நான் தப்பித்தேன். முடியாவிட்டால்? வீங்கிக் கறுத்த அந்த முகம் தெளிந்து நீ என் எதிரில் நிற்பாய். அப்போது என்னை என்னவென்று கூப்பிடுவாய்? அக்கா என்றா? செத்தவர்கள் யாருமே எழும்ப வேண்டாம் ஆண்டவரே என்று நான் முழங்காலில் நின்று கேட்டிருக்கிறேன். இதை வேறு யாரிடம் சொல்வேன்?

உயிர்த்த ஞாயிறன்று சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். முன்வரிசையில் கிருபா, உன் நீலச் சேலையில். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று மத்தியானமே அவள் கதவைத் தட்டி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா ஒங்களக் கூப்பிட்டாங்களா பெரியம்மா?"

"கூப்பிட்டா."

"ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "பக்கத்துல ஒரு ஆள்கூட இல்லாம விழுந்து கெடந்தாங்களேன்னு இவ்வளவு நாளா அழுதேன். நீங்க இருந்திருக்கீங்க. போயிருங்க பெரியம்மா. இனிமே இந்தக் கதவத் தட்டாதீங்க."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நானே எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்! எனக்கு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆலயத்திலும் சொன்னேன். ஜெபக்கூட்டத்தை இப்போது வேறொருத்தி நடத்துகிறாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் என்னைச் சுற்றி எப்போதும் இடம் காலியாக இருக்கிறது. பொய்யை ஊரெல்லாம் சொன்னவள் உண்மையையும் ஊரறியச் சொல்லவேண்டும் என்றுதான் இதையும் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் கிருபா என் வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை.

"ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. அம்மா விழுந்த எடத்தக் காட்டுங்க."

"சரிம்மா."

"ஒங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. எனக்குத் தெரியணும், அதுக்குத்தான்."

அந்த மலைக்கு நான் அதற்குப் பிறகு போனதேயில்லை. முழங்கால் வலி என்று சொல்லி வேறு மலையில் வேலை வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் மகளோடு ஏறுவேன். நீ விழுந்த வடிகானையும், நான் நின்ற செடியையும், ஓடிய பாதையையும் காட்டுவேன். நீ எந்தக் குரலில் கூப்பிட்டாய் என்று கேட்டால் அதையும் சொல்வேன். எதையும் குறைக்கமாட்டேன், புஷ்பம். நீ எழும்பி வரும் நாளில், அவளுக்கு நீதான் சொல்லவேண்டும் என்று ஒன்றையும் மிச்சம் வைக்கமாட்டேன். எனக்கு அன்றைக்கு என்ன ஆகும் என்பதை நீ முடிவுசெய்.

உன்னை விட்டுவிட்டு ஓடியவள்,
கடைசிவரை நீ அக்கா என்று கூப்பிட்ட
எஸ்தர்