ஓடும்போது விழாத கியர்

வெள்ளானூரில் இருக்கும் உனக்கு,

போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மெக்கானிக் பச்சையப்பன் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார். கொடுத்தனுப்புகிறேன்.

நீ வேண்டாம் என்ற அந்தப் பழைய இன்ஜினை லாரியில் மாட்டிவிட்டேன். நன்றாகவே ஓடுகிறது. கியர்தான் விழவில்லை. இன்ஜின் நின்றிருந்தால் எல்லா கியரும் விழுகின்றன. ஸ்டார்ட் செய்துவிட்டால் ஒன்றும் விழாமல் கரகரவென்று பல் உரசுகிறது.

பச்சையப்பன் அடியில் படுத்துப் பார்த்தார்.

"கியர்பாக்ஸ்ல கோளாறே இல்ல மாமே. கிளட்ச் பிளேட்டு வளைஞ்சிகீது, மிதிச்சாலும் இன்ஜின வுட மாட்டேன்னுது. மாட்டசொல்ல யாரு கைய வுட்டது? கியர்பாக்ஸ் மொத்த வெயிட்டும் அதும்மேல தொங்கிகீது."

நான்தான். கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும்போது போன் அடித்தது, எடுக்கக் கையை விட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

"ஊட்டுக்காரம்மாவா? அப்ப பிளேட்ட இன்னா குத்தம் சொல்றது."

தப்பாக நினைக்காதே. நீ அம்மா வீட்டுக்குப் போன பிறகு உன் பெயர் திரையில் வந்தது அன்றுதான். மறுபடி அடித்தாலும் எடுப்பேன்.

"சனிக்கிழமை அந்த லாரிய ஓட்டினு வந்து என்னை இட்டுனு போ. அது ஓடலன்னா நீயும் வராத" என்றாய். சரி என்றேன்.

எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டும். புது பிளேட் திங்கட்கிழமைதான் கிடைக்குமாம். நாளை சனிக்கிழமை.

கேபினில் உட்கார்ந்திருக்கிறேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்கிறேன். எல்லாம் விழுகின்றன.

இப்படிக்கு,
லாரியோடு நின்றுவிட்டவன்