மண் மூடிய வரத்துக் கால்வாய்

13.6.2005
இன்று பதினொரு கிணறுகளில் நீர்மட்டம் அளந்தேன். தொரப்பள்ளியில் டேப் முப்பத்தொரு மீட்டர் இறங்கியும் தண்ணீரைத் தொடவில்லை. கையெல்லாம் துரு. அலுவலகம் திரும்பினால் ஒரே கூட்டம் — சுபாஷ் வந்துவிட்டான்.

எம்.எஸ்சி.யில் எனக்குப் பின் பெஞ்சு. டேராடூனில் செயற்கைக்கோள் படம் படிக்கும் பயிற்சிக்கு முதலில் வந்தது என் பெயர்தான். மகள் அப்போது நான்கு மாதக் கைக்குழந்தை. நான் போகவில்லை, அடுத்த பெயர் அவனுடையது. இப்போது அவன் திட்ட விஞ்ஞானி. நான் அதே கிணறு அளக்கும் தாஹிரா.

திரையில் 1991-ஆம் வருட ஓசூரும் 2003-ஆம் வருட ஓசூரும் அருகருகே. பயிர் சிவப்பு, தண்ணீர் கறுப்பு, கட்டடம் சாம்பல் நீலம். தொழிற்பேட்டையைச் சுற்றிச் சாம்பல் நீலம் பரவிக் கிடக்கிறது. கறுப்புப் பொட்டுகளில் பாதியைக் காணோம்.

"மழைத்தண்ணி பூமிக்குள்ள இறங்க இடமே இல்ல சார், அப்படியே மேலாப்புல ஓடிடுது" என்றான். பொறியாளர் வாயைப் பிளந்து நின்றார். இதையேதான் நான் ஒன்பது வருடமாக எண்களில் எழுதிக் கொடுக்கிறேன். யாரும் வாயைப் பிளக்கவில்லை.

1.7.2005
அவனுக்கு ஏசி அறை. கம்ப்யூட்டருக்காகவாம்.

18.7.2005
என் கிணற்றுப் பதிவேட்டைக் கேட்டான். "உன் அளவு இல்லைன்னா என் படம் வெறும் கலர் பேப்பர், தாஹிரா." நல்ல வார்த்தைதான். என் காதில் விழுந்தது 'என் படம்' மட்டும்.

கொடுத்தேன், பதிவேட்டை மட்டும். நடந்து பார்த்து எழுதும் களக் குறிப்பேட்டை அவன் கேட்கவில்லை.

24.8.2005
சுபாஷ் தயாரிக்கும் ஏரி, கால்வாய் வரைபடத்தின் முதல் பிரதி மேஜையில் கிடந்தது. அவன் சாப்பிடப் போயிருந்தான். மேலேரியின் உபரி நீரைக் கீழேரிக்குக் கொண்டுபோகும் வரத்துக் கால்வாய், நீலக் கோடாக முழுசாக ஓடுகிறது.

தப்பு! மார்ச்சிலேயே மண் கொட்டி மூடி மனை போட்டுவிட்டார்கள். செப்டம்பர் அறிக்கையில் சேர்க்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 2003-க்குப் பிந்திய புதுப் படம் வாங்கியிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. மேலிருந்து பார்த்தால் காலி மனையும் தரிசும் ஒரே நிறம். நடந்தவளுக்குத்தான் தெரியும்.

எவ்வளவு சந்தோஷம்! வெட்கமாகவும் இருக்கிறது. பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். கேட்டால் சொல்வேன். கேட்கட்டும்.

9.9.2005
கிருஷ்ணகிரியில் கூட்டம். கலெக்டரே எழுந்து வந்து அவன் கையைக் குலுக்கினார். வெள்ளம் வந்தால் எங்கே மணல் மூட்டை, எங்கே நீர் இறைக்கும் மோட்டார் என்பதெல்லாம் அந்த வரைபடத்தை வைத்தே முடிவானது. மேலேரிப் பக்கம் எதுவும் வேண்டாமாம், கால்வாய் இருக்கிறதே!

வாயைத் திறந்தேன். அதே நேரம் சுபாஷ் நன்றி சொன்னான், "களப்பணியாளர்கள் எல்லாருக்கும்."

எல்லாருக்கும். வாயை மூடிக்கொண்டேன். அறிக்கையிலும் எழுதப்போவதில்லை.

வீட்டில் என் கணவர் அஜாஸிடம் புலம்பினேன். கால்வாயைப் பற்றி அல்ல, நன்றியைப் பற்றி. "பேரு சொல்லலைன்னா என்ன, வேலை உன்னுதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். இந்த மனுஷருக்கு என்ன புரியும்.

23.10.2005
மூன்று நாளாக மழை. மேலேரி நிரம்பிவிட்டது என்கிறார்கள். நோன்பு திறந்ததும் குறிப்பேட்டில் மார்ச் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன்.

24.10.2005
மேலேரிப் பக்கம் போனேன். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். மோட்டார்கள் ஊரின் அந்தக் கோடியில். பூக்கட்டும் நாராயணம்மா மேல் சுவர் விழுந்து கால் முறிந்துவிட்டது. வேனில் ஏற்றும்போது என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏம்மா, மண்ணு கொட்டினப்ப நீதானே வந்தே? நோட்டுல எழுதிக்கினு போனியே. யாருக்கிட்டயும் காட்டலையா?"

காட்டல. யாருக்கிட்டயும் காட்டல. அல்லாவே, நான் என்ன பண்ணிட்டேன்?

26.10.2005
பொறியாளர் சுபாஷைக் கிழித்துக்கொண்டிருந்தார். "தப்பு என்னுதுதான் சார். நான் நடந்து பாத்திருக்கணும்" என்றான் அவன்.

குறிப்பேட்டைத் திறந்து மேஜையில் வைத்தேன். மார்ச் பதினொன்று. என் கையெழுத்து.

"வரைபடம் தப்புன்னு எனக்கு ஆகஸ்டுலயே தெரியும் சார்."

வராந்தாவில் சுபாஷ் கேட்டது ஒரே வார்த்தை. "ஏன்?"

"டேராடூனுக்கு நீ போனே."

"நீதானே வேண்டாம்னே?"

"ஆமா."

அவன் போய்விட்டான்.

15.11.2005
எனக்கு மெமோ. தளிக்கு மாற்றல். கால்வாயைத் திரும்பத் தோண்டுகிறார்கள். ஆஸ்பத்திரியில் நாராயணம்மாவைப் பார்க்கப் போனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

20.2.2006
திருத்திய வரைபடம் தபாலில் வந்தது. கடிதம் எதுவும் இல்லை. கீழே இரண்டு பெயர்கள், முதலில் என்னுடையது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இவனால் மட்டும் எப்படி முடிகிறது என்றுதான் வயிறு எரிந்தது. ஒரு தப்பாவது இருக்கும் என்று பூதக்கண்ணாடியோடு ஒரு மணி நேரம் தேடினேன். இருந்தது. ஜவளகிரிப் பக்கம் குன்றின் நிழல் கறுப்பாக விழுந்ததைக் குட்டை என்று போட்டிருக்கிறான். போன வாரம்தான் அந்த வழியாக நடந்தேன். சொட்டுத் தண்ணீர் கிடையாது.

கடைத்தெரு டெலிபோன் பூத்துக்குப் போனேன். நாலு மாதத்துக்குப் பிறகு அவன் குரல்.

"சொல்லு."

சொன்னேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அதுக்குக் கிழக்கே இன்னொரு கறுப்புப் பொட்டும் காட்டுதே," என்றான். "அங்கயும் நடந்தியா?"

"இல்ல. நாளைக்குப் போறேன்" என்றேன்.