அந்தமான் டிக்கெட்டை ரத்து செய்த விவரம்

தி.நகர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஹரிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த டொரான்டோ குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வீக்கம் பாதி வடிந்திருக்கிறது, மாடிப்படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் பேசினால் நீ நடுவில் வெட்டிவிடுவாய், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீ பரிசாகப் போட்டுக் கொடுத்த அந்தமான் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். முழங்கால்தான் காரணம் என்று நினைக்காதே. முதலில் தேதியைத் தள்ளிப்போடத்தான் விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். இது பாயின்ட்ஸ்ல எடுத்த டிக்கெட் சார், கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் மாத்த முடியும் என்றாள் அந்தப் பெண். என் பையன் ஹரி என்றேன். இல்ல சார், மதுமதின்னு இருக்கு என்றாள். காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். என் கார்டு பாயின்ட்ஸ் சும்மா கிடந்துச்சுப்பா, ஒரு பைசா செலவில்ல என்று நீ சொன்னதை நம்பி, கடைத்தெருவில் பழைய ஆட்களிடமெல்லாம் பெருமை பேசியிருந்தேன்.

மறுநாள் பேங்குக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பாலவாக்கம் போனேன். உங்கள் விவாகரத்து முடிந்து இரண்டு வருஷமாகிறது, எந்த முகத்தோடு அவள் வீட்டு மணியை அடிப்பது என்று ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்னா பெரியவரே, எறங்கலியா, அட்ரஸ் இதானே என்று டிரைவர் கேட்ட பிறகுதான் இறங்கினேன். கதவைத் திறந்த மதுமதி, வாங்க மாமா என்றாள். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது ஹரி. பாயின்ட்ஸ் போன அன்றே மெயில் வந்ததாம், பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும், நான்தான் மாத்தாம விட்டுட்டேன் என்றாள். அப்புறம் ஏம்மா சும்மா இருந்தே என்று கேட்டேன். டிக்கெட்ல உங்க பேரும் அத்தை பேரும் இருந்துச்சு, கேன்சல் பண்ண மனசு வரல மாமா என்றாள். அவள் அம்மா நீரஜா உள்ளறையில் படுத்திருந்தார், பக்கவாதமாம், ஐந்து மாதமாகிறதாம், நமக்கு யார் வந்து சொல்வார்கள். எங்கம்மா ஒரு தடவைகூட ஃப்ளைட்ல ஏறினதில்ல, அதுக்குத்தான் மளிகை, கரண்ட் பில்லுன்னு எல்லாத்தையும் கார்டுலயே கட்டி ஆறு வருஷமா சேத்தேன், இனிமே எங்க, நீங்களாவது போய்ட்டு வாங்க என்று சொல்லி, தேதியை மாற்ற லேப்டாப்பைத் திறந்தாள்.

தேதி வேண்டாம், ரத்து செய் என்றேன். ரொம்ப நேரம் மறுத்தாள், நான் விடவில்லை. பாயின்ட்ஸ் அவள் கணக்குக்கே திரும்பிவிட்டது. கையோடு பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன். என் பிள்ளை கை வைக்காமல் பூட்டி வை என்று ஒரு பெண்ணிடம் நானே சொல்லும்படி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவ பொய் சொல்றா என்று முதலில் சத்தம் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, குடிக்க ஏதாவது குடுத்தாளா என்று கேட்டாள். காபி, எனக்குச் சர்க்கரை கூடாதென்று ஞாபகம் வைத்திருக்கிறாள் என்றேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சொந்தக்காரர்களிடம் மதுமதியைப் பற்றி அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்று உனக்குத் தெரியும், கூடவே இருந்த நானும் ஒரு நாள் தடுத்ததில்லை.

உங்களுக்குள் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன். ஆனால் இதற்கு நீ அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்காமலே கேட்டுவிட்டேன் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. எங்களுக்கு வேறு டிக்கெட்டும் அனுப்பாதே, நாங்கள் ஏறமாட்டோம். கால் சரியானதும் பாலவாக்கம் கூட்டிட்டுப் போங்க என்று அம்மா இன்று காலை சொன்னாள், எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும். தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் சாமி கும்பிடுகிறேன், இந்த வாரம் உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாலே மதுமதி பெயர்தான் முதலில் வருகிறது.

உன் அப்பா,
தனபாலன்