இரண்டு நாளைக்கு ஒருமுறை சாப்பாடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், சாயங்காலமானால் என் இமை மட்டும் கடை ஷட்டர் மாதிரி தானாக இறங்கிவிடுகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் பேராசிரியை எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். நல்ல மனுஷிதான், யார் இல்லை என்றார்கள். என்னைப் போன்றவர்களுக்கு உடம்பில் ஏன் சக்தி ஊறுவதில்லை, அந்த மைட்டோகாண்ட்ரியா எங்கே மக்கர் பண்ணுகிறது என்று இருபது வருஷமாக ஆராய்கிறாராம். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கையிலிருந்து நீ எடுத்துப்போன பொட்டளவு தோல் உங்கள் ஆய்வகத்தில் இன்னும் உயிரோடு வளர்கிறதாம், "உங்கள் மகள் அதற்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தவறாமல் சாப்பாடு மாற்றுகிறாள், லீவு நாளில்கூட வந்துவிடுகிறாள், அப்படி ஒரு பொறுப்பு" என்று எழுதியிருக்கிறார். பாராட்டித்தான் எழுதினார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் கல்யாணத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று இப்போதுதானே தெரிகிறது. அந்தத் தோலுக்கு உடம்புச் சூடு குறையாத பெட்டி, கையுறை மாட்டிக்கொண்டுதான் தொடுவாயாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன், அதிலும் பாதி நேரம் யாரிடமோ "இதோ வரேன்" என்கிறாய். பொறாமையாகத்தான் இருக்கிறது, ஒளிப்பானேன். அவரவர் பக்கத்து வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், நான் என் தோலைப் பார்த்தே பொறாமைப்படுகிறேன். அப்பாவிடம் சொன்னால் "அதுவும் நீதானேடி" என்று சிரிக்கிறார். நானாக இருந்தால் அது இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்குமா, எப்ப வர்றேன்னு கேட்டிருக்காதா?

இப்போது தொடையிலிருந்து ஒரு துண்டு தசை வேண்டுமாம், இங்கே ஆஸ்பத்திரியில் எடுத்து ஐஸில் வைத்து அனுப்பினால் போதுமாம். முடியாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் போன வாரம் போனில் முகம் காட்டினாயே, உன் இடது இமையும் லேசாக இறங்கினமாதிரி இருந்தது. இந்த வியாதி அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வரலாம் என்று நீதானே சொன்னாய். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதே தாளில் கூட இருப்பவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா தன் பெயரைத்தான் எழுதுவேன் என்று நினைத்திருந்தார். நான் உன் பெயரை எழுதிவிட்டேன்.

கண்ணை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. நீ நூறு வயசு குறைவில்லாமல் இருக்கணும். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, காலை எட்டு மணி, மறந்துவிடாதே. பெட்டியில் இருக்கிறவளுக்கு அன்றைக்கு உன் பேராசிரியையே சாப்பாடு போடட்டும்.

இப்படிக்கு,
மிச்சமிருக்கிற உன் அம்மா